களரியும் விரிவுரை மண்டபமும்: பல்கலைக்கழகத்திற் கூத்துப்பாடல் கற்பித்தல் பற்றிய ஒரு நோக்கு

1

ஈழத்துத் தமிழ்க் கூத்து பல்கலைக்கழகத்துட் புகுந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இக்காலப்பகுதியிற் கூத்தின் ஆட்டமுறைகள் பற்றியும், அளிக்கை அமைப்புப் பற்றியும், ஏட்டுப் பிரதிகள் பற்றியும் கணிசமான ஆய்வுகள் வெளிவந்துள்ளன. ஆயின், கூத்திற் பாடுதல் என்னும் செயல் பல்கலைக்கழகச் சூழலில் யாராற் கற்பிக்கப்படுகிறது, எவ்வாறு கற்பிக்கப்படுகிறது, எந்த அளவுகோல்கொண்டு மதிப்பிடப்படுகிறது என்னும் வினாக்கள் போதிய கவனத்தைப் பெற்றனவாகத் தெரியவில்லை. பயிற்றுமுறை சார்ந்த சிறு வினாக்கள் போல இவை தோன்றலாம். எனினும் ஒரு கலையைக் கற்பிக்கும் முறை, அக்கலையை ஆக்கிய மக்களுக்கும் அதனை இன்று கையாளும் வர்க்கத்துக்கும் இடையிலான உறவினையே வெளிப்படுத்துகிறது. இவ்வுறவை முன்னிறுத்தியே நாம் பிரச்சினையை அணுகுகிறோம்.

2

1956ஆம் ஆண்டின் அரசியல் மாற்றம், சுதேச மொழிகளிற் கல்வி கற்ற கீழ்மத்தியதர வர்க்கத்தினைப் பண்பாட்டரங்கின் முன்னணிக்குக் கொணர்ந்தது. அவ்வாண்டிலேயே, பேராதனையில் அமைந்திருந்த இலங்கைப் பல்கலைக்கழக மாணவரைக்கொண்டு எதிரிவீர சரச்சந்திர 'மனமே'யை மேடையேற்றினார். அதற்குத் தளமாக அமைந்த சிங்கள 'நாடகம' மரபு தமிழ்க் கூத்தோடு நெருங்கிய உறவுடையது. சரச்சந்திர அம்மரபினை நூல்களிலிருந்து மாத்திரம் பெற்றுக்கொண்டாரல்லர். சார்ல்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே என்னும் மரபுவழி ஆசானின் துணையை அவர் நாடினார் என்பது மனங்கொள்ளத்தக்கது.

இதே சூழலிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தமிழ்க் கூத்தின்பாற் கவனஞ் செலுத்தினார். 'கர்ணன் போர்' (1962), 'நொண்டி நாடகம்' (1963), 'இராவணேசன்', 'வாலிவதை' (1967) ஆகியன பேராதனை மாணவராற் பழகி ஆடப்பெற்றன. மட்டக்களப்பிற் கூத்தாடும் ஊர்களிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவரே இம்முயற்சியின் உயிர்நாடியாயினர். இராவணனாகத் தோன்றிய சி. மௌனகுரு அவ்வாறு வந்தவர்களுள் ஒருவர். இலவசக் கல்வி இல்லையேல் இம்மாணவர் பேராதனைக்கு வந்திரார். அவர்கள் வந்திராவிடிற் கூத்தும் அங்கு வந்திராது. படித்தோர் இழிவாகக் கருதிய கலையொன்றினைத் தேசிய நாடக மரபின் ஊற்றாக நிலைநிறுத்தியமை இம்முயற்சியின் வரலாற்றுச் சாதனையாகும். இதனைக் குறைத்து மதிப்பிடுவது எமது நோக்கமன்று.

ஆயினும் சாதனைக்கு ஒரு விலை இருந்தது. விடிய விடிய வட்டக்களரியில் ஆடப்பட்ட கூத்து, நகர மண்டபத்தின் படச்சட்ட மேடைக்கு ஏற்ப ஓரிரு மணி நேரத்துட் சுருங்கிற்று. சுருக்கத்துக்கு முதலில் ஆளானவை பாடல்களே. விருத்தங்கள் குறைந்தன, தருக்கள் மீளவும் மீளவும் பாடப்படுதல் அருகிற்று, ஆட்டமும் பாத்திரங்களின் உணர்ச்சி மோதலும் மேலோங்கின. ஆட்டம் கண்ணுக்குரியது, அது புதிய பார்வையாளரை உடனே கவர்ந்தது. பாட்டோ மெல்ல மெல்ல அதற்குத் துணையாயிற்று. பின்னாளிற் பல்கலைக்கழகங்களிற் கூத்துப் பாடநெறியாக அமைந்தபோது இந்த ஏற்றத்தாழ்வு பாடத்திட்டத்துள்ளும் குடியேறிக்கொண்டது.

3

ஊர்க்களரியிற் பாடுதல் எவ்வாறு பயிலப்படுகிறது என்பதை இங்கு நோக்குதல் வேண்டும். மட்டக்களப்பு மரபிற் கூத்துப் பழகுதல், ஆடுவோருக்கு உரிய பாத்திரங்களைப் பகிர்ந்தளிக்கும் 'சட்டம் கொடுத்தல்' என்னும் சடங்குடன் தொடங்குகிறது. சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் எனப் பல மாதங்களுக்கு அது நீள்கிறது. கொப்பியிற் பாடல் மாத்திரமே இருக்கும். அதன் மெட்டு, இழுப்பு, எடுப்பு, எந்த இடத்தில் மூச்சை விடுதல், எந்த இடத்திற் காலை மாற்றுதல் ஆகிய யாவும் அண்ணாவியாரின் நினைவிலும் மத்தளத்திலும் உள்ளன. பயில்வோன் தாளக்கட்டினை வாயாற் சொல்லிக் காலால் மிதித்து அதனோடு பாட்டினைக் கற்கிறான். நடிகன் ஓரடியைப் பாடுகிறான். பிற்பாட்டுக்காரர் அதனை வாங்கிப் பாடுகின்றனர். அவ்வேளையில் நடிகன் ஆடுகிறான். ஆடியபின் மூச்சை ஒழுங்குபடுத்தி அடுத்த அடிக்கு வருகிறான். பாடலடியின் நீளமே இவ்வுடலுழைப்பின் தேவைக்கு இசைய அமைந்தது எனலாம்.

தொழிலின் அசைவிலிருந்து தாளமும் பாட்டும் கிளைத்தன என்பதைக் கார்ல் பியூக்கர் 1896இல் எடுத்துக்காட்டினார். ஜோர்ஜ் தொம்சன் தமது 'மார்க்சியமும் கவிதையும்' என்னும் நூலில் (1945) அக்கருத்தினை விரித்துரைத்தார். இவ்விளக்கம் முழுவதையும் ஏற்காதவர்கூடக் களரியில் ஒன்றைக் காண்பர்: உழைத்துக்கொண்டிருக்கும் உடலின் குரலே கூத்தின் குரல். கரப்புடுப்பின் பாரத்தைச் சுமந்து, மத்தள ஒலியை மேவி, திறந்த வெளியின் கடைசி வரிசை வரை செல்லவேண்டிய குரல் அது. எடுத்துப் பாடும் அதன் உச்சமும் அதன் கரகரப்பும் இத்தேவைகளாற் பிறந்த பண்புகள். அவற்றைப் பயிற்சியின்மையின் அடையாளங்களாகக் கொள்வதற்கு நியாயமில்லை.

4

பல்கலைக்கழகமோ இவ்வொருமையினைப் பல துண்டுகளாக்குகிறது. மருதனாமடத்தில் 1960இல் தொடங்கப்பெற்ற இராமநாதன் இசைக் கல்லூரி 1975இல் யாழ்ப்பாண வளாகத்துடன் இணைக்கப்பட்டது. மட்டக்களப்பில் 1982இல் உருவான இசை நடனக் கல்லூரி, பின்னர் கிழக்குப் பல்கலைக்கழகத்தின்கீழ் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகமாயிற்று. இவை தமிழ் மாணவருக்குத் திறந்துவிட்ட வாய்ப்புகள் பெரியன. ஆயின் குரற்பயிற்சி என்பது கருநாடக இசைப் பயிற்சியையே குறித்து நின்றது. இசை ஓரிடத்தில், நடனம் இன்னோரிடத்தில், நாடகமும் அரங்கியலும் வேறோரிடத்தில் எனத் துறைகள் வகுபட்டபோது, ஆடிக்கொண்டே பாடும் நடிகனுக்கு உரிய துறை எதுவென்ற வினாவுக்கு விடையில்லாது போயிற்று. யாழ்ப்பாணத்து ஊர்தோறும் 'அரிச்சந்திர மயானகாண்டம்' பாடி நடித்த வி. வி. வைரமுத்துவின் இசைநாடக மரபுக்கும் நேர்ந்த கதி இதுவே. இசைத்துறைக்கு அது நாடகம். நாடகத்துறைக்கு அது பாட்டு.

இங்கு அளவுகோலின் பிரச்சினை எழுகிறது. கூத்துத் தருவொன்றினை இராகப் பெயரிட்டுச் சுரப்படுத்தி எழுதும்போது மெட்டின் எலும்புக்கூடு கிடைக்கிறது. காலடிக்குச் சற்றுப் பிந்தி வரும் எடுப்பும் சொல்லை இழுத்து விடும் இழுப்பும் அதனுள் அகப்படுவதில்லை. பின்னர் அந்த எழுத்துருவையே மூலமாகக் கொண்டு, இருக்கையில் அமர்ந்து, சுருதிப்பெட்டியோடு பாடும் மாணவி 'திருத்தமாக'ப் பாடினாள் எனப் புள்ளி பெறுகிறாள். அண்ணாவியாரின் பாடலோ 'சுருதி சேராதது' ஆகிவிடுகிறது. சிங்களப் பண்பாட்டுலகிலும் இதற்கொப்பான நிகழ்ச்சி உண்டு. 1952இல் இலங்கை வானொலிப் பாடகரைத் தரப்படுத்த இந்தியாவிலிருந்து ரத்தன்ஜங்கர் அழைக்கப்பட்டார். இந்துஸ்தானி இசையின் அளவுகோலுக்கு அமைய மறுத்த சுனில் சாந்த அத்தேர்வுக்குத் தோன்றாது விலகினார். வானொலி வாய்ப்பினையும் இழந்தார். செந்நெறி இசையின் உயர்வை எவரும் மறுக்கவில்லை. ஒன்றின் இலக்கணத்தை மற்றதன் நீதிபதியாக்குவதே மேலாண்மை எனப்படுவது. பண்டைத் தமிழிசையை மீட்க 'யாழ்நூல்' (1947) இயற்றிய விபுலானந்தர் பிறந்த மண்ணிலேயே, உயிரோடிருந்த களரிப்பாட்டு இசையாகக் கணிக்கப்படாது போனமை சிந்தனைக்குரிய முரண்.

இம்முரணின் விளைவு மேடையிலே தெரிகிறது. அண்மைக்கால அளிக்கைகள் சிலவற்றில் இசை பயின்ற குழுவொன்று ஒலிவாங்கியின் முன்னமர்ந்து முழுப் பாட்டையும் பாட, நடனம் பயின்றோர் வாய்திறவாது ஆடுகின்றனர். காட்சி அழகாயிருக்கலாம். ஆனால் தன் மறத்தைத் தானே பாடி நின்ற கர்ணன் அங்கு ஊமையாகிவிடுகிறான். பேச்சிலிருந்து பாட்டுக்கு நடிகன் மாறும் தருணம் மறைக்கப்படாது பார்வையாளருக்குத் தெரியவேண்டும் எனப் பிரெக்ட் தமது 'மூன்று காசு இசைநாடகம்' (1928) பற்றிய குறிப்புகளில் வலியுறுத்தினார். வசனம், விருத்தம், தரு என்னும் வேறுபாட்டினாற் கூத்து இதனை இயல்பாகவே செய்துவந்தது. பாடுவோரும் ஆடுவோரும் பிரிந்தவிடத்து அத்தருணமே இல்லாதொழிகிறது.

5

இவ்வாறு கூறுவதால் ஊர்க்களரியைப் பொற்காலமாகக் காட்ட நாம் முயலவில்லை. நிலமானிய உறவுகளின் சுவடுகள் அங்கும் ஆழப் பதிந்திருந்தன. செல்வாக்குடைய குடும்பத்தவர் அரச வேடங்களைப் பெறுதலும், சாதிக்கேற்பக் களரிகள் வகுபடுதலும், பறை முழக்கியோர் கலைஞராக மதிக்கப்படாமையும் வரலாற்று உண்மைகள். பெண் வேடத்தையும் ஆணே தாங்கினான். பெண்கள் மேடையேறுவதற்கு வழிகோலியதிற் பல்கலைக்கழகத்தின் பங்கு முக்கியமானது. ஆனால் ஆண்குரலின் உயரத்துக்கு வகுக்கப்பட்ட பாட்டினை மாணவியர் எவ்வாறு பாடுவது என்பது இன்னும் முறையாக ஆராயப்படவேண்டியதாகவே உள்ளது. அவர்களை நெருக்கிப் பாடவைத்தலும், பிற்பாட்டு வரிசையில் அமர்த்திவிடுதலும் தீர்வாகா. பெண் உழைப்பின் பாட்டு மரபுகளான நாற்று நடுகைப் பாடல், தாலாட்டு, ஒப்பாரி ஆகியவற்றின் குரல்வளத்தினைக் கூத்தோடு இணைத்து நோக்கும் ஆய்வு இத்துறையிற் புதுவழி திறக்கக்கூடும். மரபிலே இல்லாததொன்றைப் பல்கலைக்கழகம் உண்மையாக உருவாக்கக்கூடிய இடம் இது.

6

எனவே செய்யத்தக்கன சில உள. முதலாவது, கூத்துப்பாடலும் ஆட்டமும் ஒரே பாடவேளையில், ஒரே ஆசிரியரின்கீழ், நின்று மிதித்துப் பயிலப்படல் வேண்டும். அரையாண்டுப் பருவத்தின் பதினைந்து வாரங்களுள் பல கூத்துகளைத் தொட்டுச் செல்வதிலும், ஒரு கூத்தின் ஒரு கொலுக்காட்சியை முற்றாகப் பழகுதல் பயனுடையது. இரண்டாவது, சுர எழுத்துரு பயிற்சிக்குப் பின் ஆய்வுக்கருவியாக வரவேண்டும். பயிற்சியின் மூலமாக அன்று. மூன்றாவது, மாணவரின் பாடலை மதிப்பிடும் அவையில் அண்ணாவியாருக்கும் வாக்கு இருத்தல் வேண்டும்.

இம்மூன்றாவதே மற்றவற்றுக்கு அடிப்படையானது. இன்று அண்ணாவியார் 'வளவாளர்' என்ற பெயரிற் சில நாட்களுக்கு அழைக்கப்படுகிறார், பொன்னாடை போர்த்தப்படுகிறார், அவரது பாட்டு ஒலிப்பதிவு செய்யப்படுகிறது. அப்பதிவைக்கொண்டு கட்டுரைகள் எழுதப்படுகின்றன; பட்டங்கள் பெறப்படுகின்றன; பதவி உயர்வுகளும் கிடைக்கின்றன. அவரோ வயலுக்கோ கடலுக்கோ திரும்பிச் செல்கிறார். மூலப்பொருளை ஒருவர் தர, மிகைமதிப்பினை இன்னொருவர் கொள்ளும் இவ்வுறவை அரசியற் பொருளாதாரம் பயின்ற எவரும் இலகுவில் இனங்காண்பர். கல்வித் தகைமைச் சான்றிதழ் இல்லை என்பதே நியமன மறுப்புக்குக் கூறப்படும் காரணம். ஆனால் இச்சான்றிதழ் வழங்கும் அறிவுத்துறை அவரிடமிருந்தே தன் அறிவைப் பெற்றது என்பதை எவ்வாறு மறப்பது?

கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ள வந்தாறுமூலை கூத்தாடிய ஊர். அதன் விரிவுரை மண்டபங்களுக்கும் அயலிலுள்ள களரிகளுக்குமிடையே தூரம் அதிகமில்லை. அத்தூரத்தை அண்ணாவியார் மாத்திரமே நடந்து கடக்கும்வரை பல்கலைக்கழகத்திற் கற்பிக்கப்படுவது கூத்துப்பாடல் பற்றிய அறிவாக இருக்குமேயன்றிக் கூத்துப்பாடலாக இராது. மாணவரும் ஆசிரியரும் எதிர்த்திசையில் நடந்து, அக்களரியிற் பிழைவிட்டுத் திருத்தப்படுவதற்குத் தயாராகும்போதே, மக்கள் கலையைப் பேணுகிறோம் எனக் கூறும் தகுதியை நாம் பெறுவோம்.