நிலாவும் மலக்குழியும்: ஓர் உவமையைக் குறித்து

நிலாவுக்கு ராக்கெட் விடுகிற நாடு மலக்குழிக்குள்ள மனுசனை இறக்குது. இந்த எதிர்நிலையை வைத்து எழுதப்பட்ட தலித் கவிதைகளைப் பல கவியரங்குகளில் கேட்டிருக்கிறேன். ஆர்ப்பாட்டங்களில் முழக்கமாகவும் போடுகிறோம். கைதட்டல் நிச்சயம். இதில் உள்ள கோபம் நியாயமானது, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. விண்வெளிக்கு அரசுப் பணத்தைச் செலவழிக்கலாமா என்கிற விவாதத்தில் நம்ம பக்க வாதமாக இதையே வைக்கிறோம் என்பதுதான் பிரச்சினை. இந்த உவமை யாரைக் கூண்டில் ஏற்றுகிறது, யாரைத் தப்பவிடுகிறது என்று பார்த்தாக வேண்டும்.

இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1969 ஜூலை 15, அப்பல்லோ 11 புறப்படுவதற்கு முந்தின நாள். மார்ட்டின் லூதர் கிங்கின் வாரிசான ரால்ப் அபர்நாதி ஏழைக் கறுப்பினக் குடும்பங்களோடும் கோவேறு கழுதை வண்டிகளோடும் ஏவுதளத்துக்கே போய் நின்றார். நாசாவின் தலைவர் தாமஸ் பெய்ன் வெளியே வந்து பேசினார். நாளைக்குப் பொத்தானை அமுக்காமல் விட்டால் வறுமை தீரும் என்றால் அமுக்கமாட்டோம் என்கிற பொருளில் பதில் சொன்னார். அடுத்த ஆண்டு கில் ஸ்காட்-ஹெரான், எலி கடித்த தங்கையையும் கட்ட முடியாத மருத்துவச் செலவையும் நிலவில் நிற்கும் வெள்ளையனுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு கவிதையைப் பதிவு செய்தார். கறுப்பின மக்களின் அன்றாடத்தை அப்படியே கொண்டுவந்து போட்டதால் அது இன்றைக்கும் நிற்கிறது.

பிறகு என்ன நடந்தது? 1966-இல் அமெரிக்க மத்திய அரசின் செலவில் நாசாவின் பங்கு நூற்றுக்கு நான்குக்கு மேல். எழுபதுகளின் நடுவில் அது ஒன்றளவுக்கு வந்துவிட்டது. 1972 டிசம்பரோடு நிலவுப் பயணங்களும் நின்றன. மிச்சமான பணம் கறுப்பினச் சேரிகளுக்கு வந்ததா? எழுபதுகளில் நியூயார்க்கின் தெற்கு பிராங்க்ஸ் பற்றி எரிந்தபோது சிக்கனம் என்று சொல்லித் தீயணைப்புப் படைப்பிரிவுகளை அங்கே மூடினார்கள். ராக்கெட் நின்னா சோறு வரும் என்கிற கணக்கை வரலாறு ஏற்கனவே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டது. விடை வரவில்லை.

நம்ம ஊர்க் கணக்குக்கு வருவோம். 2024-25 மத்திய பட்ஜெட்டில் விண்வெளித் துறைக்குச் சுமார் 13,000 கோடி. மொத்தப் பட்ஜெட் 48 லட்சம் கோடிக்குச் சற்று மேல். நூறு ரூபாயில் முப்பது காசுகூட இல்லை. அதே பட்ஜெட்டில் பட்டியல் சாதியினர் நலனுக்கு என்று காட்டப்பட்ட தொகை ஒன்றரை லட்சம் கோடிக்கு மேல். அதாவது பத்து மடங்குக்கும் மேலே. அது எங்கே போச்சு? எல்லாருக்கும் பொதுவான திட்டங்களின் செலவில் ஒரு பங்கை நம்ம பேரில் எழுதிக் காட்டுகிறார்கள். காகிதத்தில் கோடி கோடியாக நிற்கிறது, சேரிக்குள் வந்து சேருவது எவ்வளவு என்பதுதான் கேள்வி.

இன்னொரு கணக்கு. 2010 டில்லி காமன்வெல்த் போட்டிகளுக்காகப் பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறு நிதியிலிருந்து சுமார் 700 கோடியைத் திருப்பிவிட்டார்கள். அது தவறுதான் என்று அமைச்சரே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொள்ள நேர்ந்தது. சந்திரயான்-3-க்கு ஆன செலவு சுமார் 615 கோடி. நம்ம பணத்தை எடுத்து விளையாட்டுத் திடல் கட்டிய காசில் ஒரு நிலவுக்கலம் விட்டு மீதியும் வாங்கியிருக்கலாம்! நம்ம கவிஞர்களில் எத்தனை பேர் இதைப் பாடினார்கள்? ராக்கெட் வானத்தில் தெரிகிறது, பாட வசதியாக இருக்கிறது. கோப்புக்குள் நடக்கிற களவு கண்ணுக்குத் தெரிவதில்லை.

பணமில்லாததாலா மனுசன் குழிக்குள் இறங்குகிறான்? ராக்கெட் செய்கிற அதே திருவனந்தபுரத்தில் 2018-இல் இளம் பொறியாளர்கள் செய்த சாக்கடை எந்திரம் வேலைக்கு வந்துவிட்டது. சட்டமும் 1993-இல் ஒன்று, 2013-இல் ஒன்று என இரண்டு இருக்கின்றன. 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2-இன் தரையிறங்கு கலம் நிலவில் விழுந்து நொறுங்கியது, நாடே அழுதது. அதே மாதம், உலகில் எங்கும் மனிதர்களைச் சாக விஷவாயு அறைக்குள் அனுப்புவதில்லை என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. அதுக்கு எவன் அழுதான்? 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 இறங்கியது. அக்டோபரில் அதே நீதிமன்றம் சாக்கடைச் சாவுக்கான இழப்பீட்டைப் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சமாக்கியது. எந்திரம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது, காசும் இருக்கிறது. அத்தனையும் இருந்தும் சாவு நிற்கவில்லை என்றால், இறங்குவதற்கென்று ஒரு சாதி இருக்கிறது என்கிற நம்பிக்கைதான் காரணம். ‘ராக்கெட்டா, எந்திரமா’ என்று கேட்கிற கவிதை, இது ஏதோ பற்றாக்குறை விவகாரம் என்று அரசுக்குச் சாக்கு எடுத்துக் கொடுக்கிறது. சாதி நழுவிவிடுகிறது.

அப்படியானால் விண்வெளிச் செலவை அப்படியே ஏற்றுக்கொள்வதா? அதுவுமில்லை. 1999 ஒடிசா புயலில் செத்தவர்கள் சுமார் பத்தாயிரம் பேர். 2013 பைலின் புயலில் செயற்கைக்கோள் படம் பார்த்து, முன்கூட்டியே லட்சக்கணக்கானவர்களை அப்புறப்படுத்தியதால் சாவு சில பத்துகளோடு நின்றது. தாழ்ந்த இடத்தில் குடிசை போட்டிருப்பவர்கள் நம்ம சனங்கதான். அந்தச் செலவு நமக்கு வேண்டும். ஆனால் 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரண முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை எந்தச் செயற்கைக்கோளும் படம் பிடிக்காது.

கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் உண்டு. ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்துக்காகத் தங்கள் தீவிலிருந்து வெளியேற்றப்பட்ட யானாதிப் பழங்குடிகளுக்கு அந்தப் பெருமையில் என்ன பங்கு? ஆராய்ச்சிக்கான உயர்நிலை அறிவியல் பதவிகளுக்கு இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கு அளிக்க 1975-இலேயே அரசாணை வழி செய்திருக்கிறது. தகுதி, திறமை என்று சொல்லி மூடிய கதவு அது. ராக்கெட்டே வேண்டாம் என்று நாம் பாடிக்கொண்டிருந்தால் அந்தக் கதவைத் தட்டுவது யார்? வானத்தை அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருவதாக ஆகிவிடும்.

நம் கவிஞர்களுக்கும் மேடைத் தோழர்களுக்கும் நான் சொல்வது இதுதான். நிலாவை விடுங்கள். சிறப்புக் கூறு நிதியின் வரவு செலவைக் கேட்டு வாங்குங்கள். எந்த நகராட்சியில் எந்திரம் வாங்கி ஓரமாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள், யார் ஆளை இறக்கச் சொன்னது, எத்தனை வழக்கில் தண்டனை ஆனது என்று தேடுங்கள். அந்த ஒப்பந்தக்காரரின் பெயர், அதிகாரியின் கையெழுத்து, இறந்தவர் வீட்டில் மிச்சமிருக்கிற கடன், இதெல்லாம் கவிதைக்குள் வரட்டும். ராக்கெட் செய்கிற இடத்தில் நம்ம பிள்ளைகள் எத்தனை பேர், எந்தப் பதவியில் என்றும் கேளுங்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் அரசுக்குக் கஷ்டமாக இருக்கும்.