அடியில் பெயர் இல்லாத பொம்மைகள்

டெல்லி மயூர் விஹாரில் நவராத்திரிக்கு நாலு வீட்டுக் கொலு பார்த்தாலே போதும், தமிழ்நாட்டு மண்பொம்மைக் கலையின் வீச்சு புரிந்துவிடும். ஒரு வீட்டுக் கல்யாண செட்டில் நாகஸ்வரக்காரரின் கன்னம் ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக உப்பியிருக்கிறது. பக்கத்தில் தவில்காரர், கட்டைவிரல் அளவே உள்ள அந்த ஆளின் விரல்களில் போட்ட கூடுகளைக்கூடத் தனித்தனியாக வெள்ளை தொட்டு வைத்திருக்கிறது ஒரு கை. கச்சேரியைக் கூர்ந்து கேட்ட, பார்த்த கை அது. யாருடையது என்று கேட்டால் வரும் பதில், ‘மயிலாப்பூர் மாட வீதியில் வாங்கினது.’ பொம்மையைத் திருப்பினால் அடியில் பென்சிலால் எழுதிய விலை மட்டும் இருக்கிறது.

கொலுவைக் குறைத்துச் சொல்லும் நோக்கம் எனக்கு இல்லை. வருஷத்துக்கு ஒரு புதுப் பொம்மையாவது வாங்க வேண்டும் என்ற வழக்கம்தான் காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவிலும், மதுரை விளாச்சேரியிலும், கடலூர் வண்டிப்பாளையத்திலும் உலையை எரியவைக்கிறது. எந்த அரசுத் திட்டமும் இவ்வளவு ஒழுங்காக, இத்தனை தலைமுறையாகக் கைவினைஞர்களிடம் பணத்தைக் கொண்டு சேர்த்ததில்லை. அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மையைவிட, பாட்டி கையிலிருந்து பேத்தி கைக்குப் போகும் பொம்மைக்கு ஆயுசும் அதிகம், அன்பும் அதிகம்.

ஆனால் இந்த அன்பு செய்தவரைப் போய்ச் சேர்வதில்லை. இதே ஒன்பது நாளில் இதே மயூர் விஹாரில் வங்காளிகள் துர்கா பூஜைப் பந்தல் போடுகிறார்கள். அதுவும் களிமண்தான். அங்கே கதை வேறு. கொல்கத்தாவில் எந்தப் பந்தலுக்கு எந்தக் கலைஞர் என்பது ஊர் முழுக்கப் பேச்சு; விளம்பரத் தட்டியிலேயே பெயர் வரும். கிருஷ்ணநகர் பொம்மைக் கலைஞர் ஜதுநாத் பாலின் பெயர் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே பதிவாகியிருக்கிறது. இத்தனைக்கும் அவர்களுடைய சிலை தசமியோடு ஆற்றில் கரைந்துவிடுகிறது. நம்முடையது ஐம்பது வருஷம் பரணில் பத்திரமாக இருக்கிறது, செய்தவர் பெயர் இல்லாமல்.

இதற்குக் காரணம் வாங்குகிறவர்களின் அலட்சியம் மட்டும் இல்லை, வேலை நடக்கும் விதமும்தான். முதல் உருவைக் கையால் பிடிப்பவர் ஒருவர். அதிலிருந்து முன்பக்கம் பின்பக்கமாக இரண்டு அச்சு எடுக்கிறார்கள். அச்சில் மண்ணை அழுத்தி, இரண்டு பாதியையும் ஒட்டி, நிழலில் உலர்த்திச் சுடுகிறார்கள். பிறகு வெள்ளை பூசி, வண்ணம் தீட்டி, கடைசியில் கண் எழுதுகிறார்கள். இதில் பெரும்பகுதி வீட்டுப் பெண்களின் உழைப்பு. அப்படியிருக்க, குடும்பத்தலைவர் பெயரை மட்டும் பொறித்தால் அதுவும் ஒரு அநியாயம்தான். பெயர் வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் இதற்கு முதலில் பதில் சொல்லியாக வேண்டும். என் பதில்: முதல் உரு பிடித்தவர், கண் எழுதியவர், ஊர். இந்த மூன்றும் போதும்.

பெயர் இல்லாததால் வரும் பெரிய கேடு திருட்டு. ஒருவர் மாதக்கணக்கில் யோசித்துப் புதிய உரு ஒன்றைக் கொண்டுவருகிறார். அந்தப் பொம்மையில் ஒன்றை வாங்கி, அதன் மேலேயே பிளாஸ்டர் அச்சு எடுத்துவிட்டால் அடுத்த சீசனில் யார் வேண்டுமானாலும் அதை விற்கலாம். நகலில் மூக்கு மழுங்கும், விரல்கள் ஒட்டிக்கொள்ளும், விலை குறையும். 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் பதிவு செய்தவருக்குப் 10 ஆண்டு உரிமை தருகிறது. வட்டிக்கு வாங்கி விறகு அடுக்குகிற குடும்பம் எந்த அலுவலகப் படி ஏறிப் பதிவு செய்யும்? புவிசார் குறியீடும் இந்த இடத்தில் கைகொடுப்பதில்லை. தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைக்கு அது கிடைத்தது நல்ல சேதிதான்; ஆனால் அது காப்பது ஊரின் பெயரை. ஊருக்குள் யார் கைத்திறன் உசத்தி என்பது அதில் தெரியாது.

யமுனையைத் தாண்டினால் பகதூர் ஷா ஜஃபர் மார்கில் கார்ட்டூனிஸ்ட் சங்கர் 1965இல் தொடங்கிய பொம்மை அருங்காட்சியகம் இருக்கிறது. எனக்குப் பிடித்த இடம். ஆனால் அங்கும் பொம்மைகள் நாடுவாரியாகத்தான் நிற்கின்றன. பெயர் வெளியே தெரிந்த அரிய உதாரணம், புதுச்சேரி வில்லியனூர் சுடுமண் கலைஞர் வி.கே. முனுசாமி. அவருக்கு 2020இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த வெளிச்சம் கொலுப் பொம்மைக்காரர்கள் மேல் இன்னும் விழவில்லை.

வாங்குகிறவர்களால் மாற்ற முடியாதது இல்லை; டெல்லிக்காரர்கள் ஏற்கெனவே ஒன்றை மாற்றியிருக்கிறார்கள். இரண்டு ராத்திரி ரயிலில் வரும் மண்பொம்மை விரல் உடைந்து வருகிறது. அதனால் எடை குறைந்த காகிதக்கூழ் பொம்மையைத்தான் தேடுகிறார்கள். காகிதக்கூழ் மட்டம் இல்லை, ஆனால் சுட்ட மண்ணில் வரும் முகத்தின் கூர்மை அதில் வராது. தூரத்து வாடிக்கையாளரின் வசதி கலையின் பொருளையே தீர்மானிக்கிறதென்றால், அதே வாடிக்கையாளர் கேட்டால் பெயரும் வரும். சொசைட்டிகளில் கொலுப் போட்டி வைக்கிறவர்கள் படிகளை எண்ணுகிறார்கள், பார்க்கின் அழகுக்கு மார்க் போடுகிறார்கள். அந்தத் தாளில் ‘இந்த வருஷப் புதுப் பொம்மையைச் செய்தவர் யார், எந்த ஊர்’ என்று ஒரு கட்டம் சேர்க்கட்டும். அதை நிரப்ப வீட்டுக்காரர் கடைக்காரரைக் கேட்பார், கடைக்காரர் மொத்த வியாபாரியைக் கேட்பார். இரண்டு மூன்று நவராத்திரிக்குள் அந்தத் தவில்காரரை உருவாக்கிய குடும்பத்தின் போன் நம்பர் மயூர் விஹாருக்கு வந்துசேரும். அடுத்த ஆர்டர் இடைத்தரகர் இல்லாமல் நேராகப் போகும்.