முன்வரிசையில் கடம்

ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் குடத்தை வாத்தியமாகக் கேட்டு வளராதவர்கள் குறைவு. கோயில் கொடையில் வில்லுப்பாட்டு நடக்கும்போது வில்லோடு சேர்த்துக் கட்டிய மண்குடத்தின் வாயில் பத்தியால் தட்டுவார்கள். அடிவயிற்றில் இறங்குகிற மாதிரி ஒரு 'தும்' எழும். அடித்தவரின் பெயரை யாரும் கேட்பதில்லை. நோட்டீஸில் பெரிய எழுத்தில் இருப்பது புலவரின் பெயர்தான். கச்சேரி மேடையில் கடத்துக்கு மரியாதை கொஞ்சம் கூடுதல். ஆனால் அங்கும் அது உபபக்கவாத்தியம். மிருதங்கம் விட்டுக்கொடுத்தால் வாசிக்கலாம். தனி ஆவர்த்தனத்தில், ரசிகர்களில் பாதிப்பேர் கான்டீனுக்குக் கிளம்பும் நேரத்தில், அதற்கும் ஒரு முறை வரும்.

1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், சவுதாம்ப்டன் கல்லூரி மேடையில் அந்த வரிசை மாறியது. கிட்டாருக்கும் வயலினுக்கும் இணையாகக் கடம் உட்கார்ந்தது. வாசித்தவர் டி.எச். விநாயக்ராம். குழுவின் பெயர் சக்தி. அன்றைய கச்சேரியின் ஒலிப்பதிவு அடுத்த ஆண்டு கொலம்பியா இசைத்தட்டாக வந்தது. அரை நூற்றாண்டாக 'ஃப்யூஷன்' என்ற பெயரில் நடந்துவரும் எல்லா நல்லதுக்கும் கெட்டதுக்கும் அந்தத் தட்டைக் காட்டுவது வழக்கம். அது பாதிதான் நியாயம்.

குழு கூடிய விதத்தைப் பார்த்தால் இது தற்செயலான சந்திப்பல்ல என்பது தெரியும். இங்கிலாந்தின் டான்காஸ்டரில் 1942ல் பிறந்த ஜான் மெக்லாக்லின், 1969ல் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ஒலிப்பதிவுகளில் கிட்டார் வாசித்துப் பெயர் வாங்கியவர். 1971ல் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா என்ற மின்னிசைக் குழுவைத் தொடங்கினார். காது கிழியும் சத்தம், அதிவேகம், அரங்கம் நிறையும் கூட்டம் என்று போய்க்கொண்டிருந்த அதே காலத்தில், கனெக்டிகட்டில் உள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்கப் போனார். ராமநாதன் சிலப்பதிகார இசையை ஆராய்ந்து அங்கேயே முனைவர் பட்டம் பெற்ற வித்துவான். வெஸ்லியனில் கர்நாடக இசை ஏற்கெனவே வேர்பிடித்திருந்தது. வீணை தனம்மாளின் பேரன்களான டி. ரங்கநாதனும் டி. விஸ்வநாதனும் அங்கே மிருதங்கமும் புல்லாங்குழலும் கற்பித்தார்கள்.

அந்த வளாகத்தில்தான் மெக்லாக்லினுக்கு எல். சங்கர் அறிமுகமானார். சென்னையில் பிறந்து, தந்தை வி. லட்சுமிநாராயணா இசை கற்பித்த யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். 1958 கலவரத்துக்குப் பின் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது. அண்ணன்கள் எல். வைத்தியநாதனும் எல். சுப்ரமணியமும் வயலின்காரர்கள். உஸ்தாத் அல்லா ரக்காவின் மகன் ஜாகிர் உசேன், கலிபோர்னியாவின் சான் ரஃபேலில் அலி அக்பர் கானின் கல்லூரியில் தபலா சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். விநாயக்ராம் தந்தை ஹரிஹர சர்மாவிடம் கற்று, எம்.எஸ். சுப்புலட்சுமி உள்ளிட்டோருக்கு வாசித்தவர். முதல் தட்டில் மிருதங்கம் வாசித்த ராம்நாடு ராகவன் அமெரிக்காவில் ஆசிரியர்.

இந்தப் பட்டியலில் ஒரு விஷயம் எளிதில் கண்ணில் படாது. ஏறக்குறைய எல்லோரும் வாத்தியார்கள், அல்லது மாணவர்கள், அல்லது இரண்டும். விமான நிலையத்தில் சந்தித்து, மாலையில் ஒத்திகை பார்த்து, இரவே மேடையேறும் இன்றைய 'கொலாபரேஷன்'களோடு சக்தியை ஒரே தட்டில் வைத்து நிறுப்பது இதனால்தான் பொருந்தாது. இங்கே ஒருவர் மற்றவரின் பாடத்தை ஆண்டுக்கணக்கில் படித்திருந்தார். அதுவும் கூட்டத்திலேயே அதிகம் விலைபோகிற கலைஞர் மற்றவர்களின் பாடத்தைப் படித்திருந்தார்.

படிப்பு வாத்தியத்திலும் தெரிந்தது. கிப்சன் நிறுவனத்துக்காக ஏப் வெக்டர் செய்த கிட்டாரில் மெட்டுகளுக்கு நடுவே மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்தது. விரல் கட்டையில் உராயாமல் தந்தியை இழுத்து, வீணையில் போல ஸ்வரத்தை அசைக்கலாம். ஒலித்துளையின் குறுக்கே சாய்வாக ஏழு தந்திகள் தனியாக ஓடின. அவற்றை மீட்டினால் சுருதி. மின்கிட்டாரில் உச்சத்துக்குப் போன ஒருவர், கைப்பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டிய ஒரு வாத்தியத்தை விரும்பிக் கேட்டு வாங்கியிருக்கிறார். சக்தியின் நேர்மைக்கு இதைவிட நல்ல அத்தாட்சி கிடைக்காது.

தெற்கத்திச் சீமைக்கு இப்படிப்பட்ட வரவு புதிதல்ல. ஸ்ரீவைகுண்டத்துக்கு வடக்கே, இன்று அதே தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் எட்டயபுரத்தின் அரசவையில் வித்துவானாக இருந்தவர் பாலுஸ்வாமி தீட்சிதர். ஐரோப்பிய வயலினைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர். அண்ணன் முத்துஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பிய மெட்டுகளுக்கு சமஸ்கிருதச் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரங்கள் என்று இன்றும் பாடுகிறோம். அவர் 1835ல் காலமானதும் எட்டயபுரத்தில்தான். வயலின் தங்கியது, ஆனால் தன் ஊர்ச் சங்கீதத்தைக் கப்பலிலேயே விட்டுவிட்டு வந்தது. இங்கே சம்மணமிட்டு உட்கார்ந்து, சுருதியை மாற்றிக்கொண்டு, பாட்டின் நிழலாக நடக்கக் கற்றது. கருவியை நாம் எடுத்துக்கொண்டோம், வாசிப்பவரை அழைக்கவில்லை. சக்தியில் வாசிப்பவரே வந்தார். வித்தியாசம் அதுதான்.

வந்தவர் எந்தக் கதவு வழியாக நுழைந்தார்? தாளத்தின் வழியாக. இரண்டாவது தட்டான 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி' லண்டனில் 1976ல் பதிவானது. அதில் 'லா டான்ஸ் து போனர்' என்ற உருப்படி கொன்னக்கோலில் தொடங்குகிறது. தகதிமி, தகஜுணு என்று வாய்கள் கணக்குப் போட்டு முடிக்க, அதே கணக்கைக் கிட்டாரும் வயலினும் ஒரே மூச்சில் எடுத்து ஓடுகின்றன. ஜாகிருக்குத் திஹாய், விநாயக்ராமுக்குக் கோர்வை. வழி வேறானாலும் இருவரும் சமத்தில் வந்து சேர வேண்டும். வடக்கும் தெற்கும் கச்சேரி மேடையில் ஜுகல்பந்தி என்று கைகொடுத்துக்கொள்வதுண்டு. ஆனால் ஒரே உருப்படியை இரண்டு தாள மரபுகளும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து சுமந்தது அபூர்வம். சக்தியை 'கிழக்கும் மேற்கும் சந்தித்த இசை' என்று எழுதுகிறவர்கள், அதற்குள்ளே நடந்த இந்த வடக்கு-தெற்குச் சந்திப்பைக் கவனிப்பதே இல்லை. இரண்டில் இதுதான் ஆழமானது.

கொடை இரவோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். தாமிரபரணிக் கரைக் கிராமங்களின் கொடையில் வில்லுப்பாட்டு, நையாண்டி மேளம், கணியான் கூத்தின் மகுடம் எல்லாம் ஒரே கோயில் வளாகத்தில் ஒலிக்கும். ஆனால் ஒவ்வொன்றும் தன் முறை வரும்போது ஒலிக்கும். ஒன்று ஓய்ந்தபின் அடுத்தது. அந்த ஒழுங்கில் யாரும் யாருக்காகவும் தன் கணக்கை மாற்ற வேண்டியதில்லை. சக்தி மாற்றச் சொன்னது. கஷ்டமான வழி. அதற்கான விலையையும் கொடுத்தது.

விலையின் முதல் தவணை ராகம். முதல் தட்டில் மூன்றே உருப்படிகள். அவற்றில் ஒன்று அரைமணிக்கு ஒரு நிமிடம் குறைவாக ஓடுகிறது. இவ்வளவு இடம் இருந்தும் விளம்ப காலத்தில் ஒரு ஸ்வரத்தில் நின்று ராகத்தின் முகத்தைக் காட்டும் பொறுமை குறைவாகவே வருகிறது. சங்கரின் வில் அதற்கு முயலும் இடங்கள் உண்டு, அவை அருமை. ஆனால் கிட்டார் நுழைந்ததும் ஸ்வரங்கள் மணிமணியாக, சம இடைவெளியில், அசுர வேகத்தில் கொட்டுகின்றன. ராகம் ஆரோகண அவரோகணமாகச் சுருங்கிவிடுகிறது. குழிவெட்டிய கட்டை இருந்தென்ன, அந்த வேகத்தில் தந்தியை இழுக்க நேரமேது? காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரத்தைக் கேட்டுப் பழகிய ஒரு திருநெல்வேலிக்காரர் இந்தத் தட்டைக் கேட்டால் கைதட்டுவார், கண்ணை மூடமாட்டார்.

இரண்டாவது தவணையை மேற்கு கட்டியது. ஜாஸின் உயிர் நகரும் ஸ்வரக்கூட்டுகளில் இருக்கிறது. நிலையான சுருதியின்மேல் உட்கார்ந்ததும் மெக்லாக்லின் அதைப் பெரும்பாலும் கைவிட்டார். அப்படியானால் இது இரண்டு சங்கீதங்களின் சந்திப்பா, ஒரு நல்ல ஜாஸ் கலைஞர் கச்சேரியில் சேர்ந்துகொண்டதா? முதல் தட்டைப் பொறுத்தவரை இரண்டாவதே உண்மைக்குப் பக்கம். 1977ல் வந்த மூன்றாவது தட்டான 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்' இதைச் சரிசெய்யப் பார்த்தது. கிட்டார் கூட்டுகள் திரும்பி வந்தன, உருப்படிகள் எட்டாகி நீளம் குறைந்தன. கேட்க இதமாக இருக்கிறது. முதல் தட்டின் பிடி தளர்ந்துவிட்டது. 1978ல் குழு கலைந்தது.

மூன்றாவது குறை இசைக்கு வெளியே இருப்பதுபோலத் தெரியும், ஆனால் இல்லை. முதல் தட்டின் தலைப்பே 'சக்தி வித் ஜான் மெக்லாக்லின்'. விற்கும் பெயர் அதுதான் என்பதால் அதைப் பெரிதாகக் குறைசொல்ல முடியாது. ஆனால் உருப்படிகளை இயற்றியவர்களாக அதில் வருகிற பெயர்கள் மெக்லாக்லினும் சங்கரும் மட்டுமே. மேடையிலேயே கணக்குப் போட்டு, குறைப்பில் ஒருவரையொருவர் மடக்கி, உருப்படியின் பாதி நேரத்தைக் கட்டி எழுப்பிய தாளக்காரர்கள் அங்கே வெறும் வாசிப்பவர்கள். மெட்டு போட்டவரே படைப்பாளி என்ற மேற்கத்தியப் பதிப்புரிமைக் கணக்கு நம்முடைய சபாக்களின் பழைய படிநிலையோடு அழகாகப் பொருந்திப்போனது. உட்காரும் இடத்தில் முன்வரிசைக்கு வந்த கடம், காகிதத்தில் பின்வரிசையிலேயே இருந்தது.

யார் யாரெல்லாம் இந்த வட்டத்துக்குள் வர முடிந்தது என்பதும் யோசிக்க வேண்டியது. வெஸ்லியன், சான் ரஃபேல், சென்னை சபா என்று போகும் பாதையில் இருந்தவர்கள் சந்தித்துக்கொண்டார்கள். இசை வேளாளர் மரபின் தனம்மாள் குடும்பத்துக்கும் அந்தப் பாதை திறந்தது, கச்சேரி வாத்தியங்களோடு போனதால். தவிலுக்கும் நாகஸ்வரத்துக்கும் திறக்கவில்லை. சத்தம் அதிகம், அரங்கத்துக்கு ஒத்துவராது என்பார்கள். மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் ஒலிபெருக்கிகளைக் கேட்டவர்கள் இந்தச் சாக்கை ஏற்கமாட்டார்கள். அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி மரியானோ 1970களில் இந்தியா வந்து நாகஸ்வரம் கற்று, அதை வாசித்தும் காட்டினார். ஆக, முடியாத காரியமல்ல. வில்லுப்பாட்டைச் சென்னை மேடைக்குக் கொண்டுவந்த, திருநெல்வேலிச் சீமையின் சத்திரப்புதுக்குளத்தில் பிறந்த சுப்பு ஆறுமுகம் 1970களில் புகழோடு இருந்தார். ஆனால் அந்தக் குடத்தைத் தேடி எந்த கிட்டார்காரரும் வரவில்லை.

குழுவின் மறுபிறவி சில குறைகளைத் தீர்த்தது. 1997ல் 'ரிமெம்பர் சக்தி' தொடங்கியபோது ஹரிபிரசாத் சௌராசியாவின் குழல் வந்தது. வேகம் தணிந்தது, மூச்சுவிட இடம் கிடைத்தது. பிறகு யு. ஸ்ரீநிவாஸ். மேற்கத்திய மாண்டலினைக் குழந்தையிலிருந்தே கர்நாடக வாத்தியமாகப் பழகியவர் என்பதால், மெக்லாக்லின் பாதி வழி நடந்து வந்த தூரத்தை அவர் எதிர்த்திசையிலிருந்து பிறவியிலேயே கடந்திருந்தார். இருவரும் மாறிமாறி வாசிக்கும் இடங்களில் யார் எந்த ஊர் என்ற கேள்வியே எழுவதில்லை. அவர் 2014ல் 45 வயதில் மறைந்தது இந்தக் குழுவுக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு. விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு அப்பாவின் இடத்துக்கு வந்தார். சக்தியின் தட்டுகள் ஒலித்த வீட்டில் வளர்ந்த தலைமுறை அது. எதையும் கலக்கிறோம் என்ற எண்ணமே அவர் கைகளில் தெரியாது.

இதற்கிடையில் நகல்கள் பெருகின. மார்கழி முடிந்ததும் சென்னையிலும் மதுரையிலும் ஒரு கீபோர்டு, ஒரு டிரம்செட், ஒரு மிருதங்கம், பட்டு ஜிப்பா என்று மேடை போடுவார்கள். இறுதியில் கேள்வி-பதில் பாணியில் தாளவாத்திய மோதல். கூட்டம் எழுந்து நின்று கைதட்டும். சக்தியிடமிருந்து இவர்கள் எடுத்துக்கொண்டது வேகத்தை. விட்டுவிட்டது வெஸ்லியன் வீணைப் பாடத்தை. பழி நகல் எடுத்தவர்களுக்குத்தான் என்றாலும், மூலத்திலேயே கைதட்டலுக்கான இடங்கள் இவ்வளவு பளிச்சென்று இல்லாமலிருந்தால் நகலும் இவ்வளவு சுலபமாகியிருக்காது.

2023ல் வந்த 'திஸ் மொமெண்ட்' தட்டில் சங்கர் மகாதேவனின் குரலும் கணேஷ் ராஜகோபாலனின் வயலினும் சேர்ந்தன. பாடும் குரல் இருப்பதால் 1975ல் கிடைக்காத ராகபாவம் இங்கே சில இடங்களிலாவது கிடைக்கிறது. 2024 பிப்ரவரியில் அதற்கு கிராமி விருதும் வந்தது. ஆனால் கொரோனா காலத்தில் ஆளுக்கொரு ஊரிலிருந்து பதிவுசெய்து அனுப்பிச் சேர்த்த தட்டு அது. ஒருவர் கண்ணை ஒருவர் பார்த்துக் கணக்கு மாற்றும் அந்தக் குறும்பை அதில் கேட்க முடியாது. மேடையில்தான் அது திரும்பியது. 2024 டிசம்பர் 15 அன்று ஜாகிர் உசேன் மறைந்ததும் அந்த வாய்ப்பும் போயிற்று. தன் ஐம்பதாம் ஆண்டு என்று சொல்லி 2023 ஜனவரியில் இந்தியா வந்தபோது சக்தி பெங்களூரிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் தில்லியிலும் வாசித்தது. ஹரிஹர சர்மா தாளவாத்தியப் பள்ளி நடத்திய சென்னை அந்தப் பட்டியலில் இல்லை.