இரண்டரைக் கட்டையில் ஒரு குரல்

"நம் மரபு பால்புதுமையினரை எப்போதும் ஏற்றுக்கொண்டே வந்திருக்கிறது, வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது." கோலாலம்பூர்க் கருத்தரங்குகளில் இந்த வாக்கியம் இப்போது குத்துவிளக்குக்கு அடுத்தபடியாக ஏற்றப்படுகிறது. பின்னாலேயே அர்த்தநாரி வருவார், பராங்குச நாயகி வருவாள், கடைசியில் ஒரு பதம் பாடி முடிப்பார்கள். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. இசையைப் பொறுத்தவரை இதில் பாதி உண்மைகூட இல்லை.

நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் உருகியது வாஸ்தவம். பாவைப் பெண்களின் வாயால் மணிவாசகர் பாடியதை மார்கழி விடியலில் இங்குள்ள கோயில்களிலும் ஓதுகிறார்கள். ஆனால் அது இறைவன் முன் எடுத்துக்கொண்ட பெண்மை. பாசுரம் முடிந்ததும் ஆழ்வார் ஆழ்வார்தான். ஆண், பெண்ணாகப் பாடலாம். அதற்குப் பக்தி என்று பெயர், பரிவட்டம் உண்டு. பாடி முடித்த பிறகும் பெண்ணாகவே வீட்டுக்குப் போகிறவருக்கு இந்த மரபு எந்த மேடையைக் கொடுத்தது?

நாடகக் கம்பெனிகளை வேகமாகக் கடந்துவிடலாம். அவற்றைப் பற்றி எழுதாதவர் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் கம்பெனிகளில் பையன்களே ஸ்திரீபார்ட். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபையில் நாயகி ரங்கவடிவேலு. டி.கே. சண்முகத்துக்கு ஔவை வேடமே பெயரோடு ஒட்டிக்கொண்டது. எதிர்ப்பக்கம், கே.பி. சுந்தராம்பாள் 1935இல் 1 லட்சம் ரூபாய் வாங்கிக்கொண்டு திரையில் நந்தனாராக நின்றார். வேடத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்கள் சுருதியைப் பற்றிப் பேசுவதில்லை. மைக் இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைவரை குரல் போக வேண்டும். அதனால் ஆணும் உச்சத்தில்தான் பாடினான். நாடகப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பாவின் பழைய இசைத்தட்டைப் போட்டுப் பாருங்கள். பெண்குரலின் கட்டையிலேயே அவர் உலவுகிறார். வள்ளி திருமணத்தில் முருகனும் வள்ளியும் பக்கத்துப் பக்கத்துச் சுருதியில் நின்றுதான் தர்க்கம் பண்ணினார்கள். குரலை மட்டும் கேட்டு இது ஆம்பளை, இது பொம்பளை என்று பிரித்துவிடும் பழக்கம் ரசிகருக்கு அப்போது இவ்வளவு இறுகியிருக்கவில்லை.

மைக் வந்தது, பின்னணிப் பாட்டு வந்தது, நான் மன்னிக்காத காலமும் வந்தது. அந்தக் காலத்தின் பாடகர்களை நான் குறை சொல்லவில்லை, டி.எம். சௌந்தரராஜனையும் பி. சுசீலாவையும் கேட்டு வளர்ந்த தலைமுறைதான் என்னுடையதும். ஆனால் அந்த இரண்டு குரல்களும் இலக்கணமாகிப்போயின. ஆண் ஒரு கட்டைக்கு இறங்கினான், பெண் ஐந்து கட்டையில் ஏறி உட்கார்ந்தாள், நடுவில் இருந்த இடம் காலியானது. திருநங்கைகள் பலருடைய இயல்பான குரல் நிற்பது அந்த நடுவிடத்தில்தான், இரண்டு, இரண்டரைக் கட்டையில். விடலைப் பருவத்தில் ஒருமுறை உடைந்த குரலைப் பெண் ஹார்மோன் திரும்ப மெலிதாக்காது. உடம்பு மாறும், முகம் மாறும், குரல்வளை மாறாது. திருநம்பிகளுக்கு நேர்மாறு: டெஸ்டோஸ்டிரோன் குரலைத் தடிக்கச் செய்யும், பழகிய மேல்ஸ்தாயி கைவிட்டுப் போகும், பாட்டை முதலிலிருந்து கற்க வேண்டும். மேடையில் அந்த இரண்டரைக் கட்டையைக் கேட்டதும் ஆர்மோனியக்காரர் ஒரு கணம் தயங்குவார். சினிமா தயங்கவில்லை. அந்தக் குரலை எடுத்து நகைச்சுவை நடிகருக்குக் கொடுத்துவிட்டது.

அந்தக் குரலை அதன் சொந்த இடத்தில் கேட்கக் கூவாகத்துக்குப் போக வேண்டும். சித்திரைப் பௌர்ணமியை ஒட்டிக் கூத்தாண்டவர் கோயிலில், கூத்தாண்டவரான அரவானின் பெயரால் தாலி கட்டிக்கொண்ட திருநங்கைகள், இரவில் கற்பூரக் குவியல்களைச் சுற்றி வட்டமாகக் கும்மியடிக்கிறார்கள். கும்மியென்றால் நம் வீட்டுப் பெண்களின் மெத்தென்ற கைத்தட்டல் அல்ல. விரல்களை விரித்து, உள்ளங்கைகளைக் குறுக்காக மோதி எழுப்பும் தட்டு. தெருவில் கேட்டால் நாம் ஒதுங்கிப்போகும் அதே ஓசை, அங்கே தாளமாகிவிடுகிறது. மறுநாள் அரவானின் தேர் அழிகளத்துக்குப் போனதும் தாலி அறுபடுகிறது, வளையல் உடைகிறது, வெள்ளைச் சேலையில் ஒப்பாரி தொடங்குகிறது. ஒப்பாரியில் எவரும் குரலை மெலிதாக்கிக்கொள்ளத் தேவையில்லை. அடிவயிற்றிலிருந்து எழுந்து, நடுவில் கரகரத்து உடைவதுதான் அதற்கு அழகு. அரவானைச் சாக்காக வைத்துத் தன் வீட்டை, தன்னைத் துரத்திய அண்ணனை, செத்துப்போன தோழியை வைத்துப் பாடலாம். தமிழில் திருநங்கை, தன்னையே 'நான்' என்று வைத்துப் பாடும் பாட்டு இதுதான். இதைப் படம் எடுக்கிறவர்கள் ஆயிரம் பேர். பாட்டாகப் பதிவு செய்கிறவர்கள் சொற்பம். விழாச் செய்தியில் அழகிப் போட்டி இருக்கும், ஒப்பாரி ஒரு வரிக்குள் முடிந்துவிடும்.

கருத்தரங்கு வாக்கியம் ஒரே ஓர் இடத்தில் நிஜமாயிற்று. மதுரையிலிருந்து கிளம்பிய திருநங்கை நர்த்தகி நடராஜைத் தஞ்சை நால்வர் வழிவந்த கே.பி. கிட்டப்பா பிள்ளை மாணவியாக ஏற்று, பெயரும் சூட்டினார். நாயகி பாவமே நர்த்தகியின் தனிச்சொத்தானது. ஆழ்வார் இரவல் வாங்கிய பெண்மையை, அதற்கு உரிமையுள்ள ஒருவர் ஆடிக்காட்டினார். 2019இல் பத்மஸ்ரீ வந்தது. இந்தப் பெருமையை மரபு என்ற பொதுக்கணக்கில் எழுதக்கூடாது. மனமுவந்து ஒரு நட்டுவனார் செய்த காரியம் அது. மேலும் அது நாட்டியம். பதத்தைப் பாடும் குரல் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கும் வேறொருவருடையது. பாதத்துக்குக் கிடைத்த இடம் தொண்டைக்கு இன்னும் கிடைக்கவில்லை.

புதிய முயற்சிகள் இல்லாமலில்லை. 2016இல் மும்பையில் ஆறு திருநங்கைகளைக் கொண்டு 'சிக்ஸ் பேக் பேண்ட்' அமைந்தது. கான் விளம்பர விழாவில் பெரிய விருதும் வாங்கியது. பின்னால் இருந்தது ரெட் லேபிள் தேயிலை. தோட்டத்துப் பிள்ளைகளான நமக்குத் தேயிலைக் கம்பெனியின் கருணை புதிதல்ல. 2021இல் கோவிந்த் வசந்தா இசையில் வந்த 'மகிழினி' என்ற காணொளிப் பாட்டு இரண்டு பெண்களின் காதலைத் தமிழில் கூச்சமில்லாமல் காட்டியது. அழகான வேலை, ஆனால் அதிலும் கதை அவர்களுடையது, பாட்டு மற்றவர்களுடையது. அமெரிக்காவில் ஈழத்தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த டிலோ, ஹிப்ஹாப்பில் தொடங்கி, மேடையில் தன் அம்மாவாகவே மாறிப் பேசிச் சிரிக்கவைக்கிறார். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கிறது.

இனி நம் வட்டாரம். 2023 ஜூலை 21 அன்று செப்பாங் குட் வைப்ஸ் விழாவில் 'தி 1975' குழுவின் மேட்டி ஹீலி, ஒருபாலுறவுக்கு எதிரான நம் நாட்டுச் சட்டத்தைத் திட்டிவிட்டு, சக கலைஞரை முத்தமிட்டுவிட்டு விமானம் ஏறினார். மறுநாளே விழா ரத்து. மிச்ச இரண்டு நாள்களில் பாடவிருந்த உள்ளூர்க் குழுக்களின் பிழைப்பும் போயிற்று. மலேசியப் பால்புதுமை இசை அன்றைக்குத்தான் பிறந்தது போல வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதின. இங்கே 2008இலேயே இசைக்கலைஞர் ஜெரோம் குகனும் பாங் கீ தேக்கும் 'செக்சுவாலிட்டி மெர்டேக்கா' விழாவைத் தொடங்கியிருந்தார்கள். 2011இல் போலீஸ் தடை செய்தது. அதே 2011இல் லேடி காகாவின் 'பார்ன் திஸ் வே' பாட்டில் சங்கடமான வரியை மட்டும் குழப்பி ஒலிபரப்பின நம் வானொலிகள். 2009இல் தொடங்கிய 'ஷ்ஷ்... டியாம்!' என்ற பங்க் குழு, திருநம்பியான ஃபாரிஸ் சாட்டின் குரலில், தன்னையே கிண்டலடித்தபடி பாடிக்கொண்டிருந்தது. அவர்களைப் பற்றி யிவென் சென் எடுத்த ஆவணப்படம் 2025இல் பெர்லின் விழாவுக்குப் போனது. அலெக்ஸ்டிபிஎச் வெளிப்படையாகவே ஆர் அண்ட் பி பாடுகிறார். 377பி பிரிவின்படி 20 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் காத்திருக்கும் நாட்டில் இவர்கள் செய்தது சிறிய காரியம் அல்ல. இந்தியா 2018இலும் சிங்கப்பூர் 2022இலும் இறக்கிவைத்த சுமை அது.

இந்த வரிசையில் தமிழ்ப்பாட்டு இல்லை. அதற்குச் சட்டத்தை மட்டும் சாக்குச் சொல்ல முடியாது. அதே சட்டத்தின் கீழ்தான் ஷ்ஷ்... டியாமும் பாடியது. நமக்கு வழி தெரியாமலும் இல்லை. 2006இல் யோகி பி, நட்சத்திரா குழுவின் 'வல்லவன்' ராப் தொகுப்பு, எவரும் பொருட்படுத்தாத நகரத்துத் தமிழ்ப் பையன் 'நான்' என்று உரக்கச் சொல்லலாம் என்பதை நிரூபித்தது. தமிழ்நாடே திரும்பிப் பார்த்தது. அந்தக் கதவு பையன்களுக்கு மட்டும் திறந்தபடியே நின்றுவிட்டது. இருபது ஆண்டாகப் பெண்களே முண்டியடித்துத்தான் உள்ளே வருகிறார்கள். கோயில் பக்கமும் அப்படித்தான். செமினி தோட்டங்கள் தாமான்களாகிவிட்டன, உறுமி மேளம் மட்டும் கோயிலோடு கூடவே குடிபெயர்ந்து வந்திருக்கிறது. அந்தக் கோயில்களின் திருவிழாக்களில் திருநங்கைகள் ஆடிப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கையில் மைக்கைக் கொடுத்துப் பார்த்ததில்லை.

எனவே கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கலைநிகழ்ச்சி நடத்துகிறவர்களுக்கும், திருவிழாக் கமிட்டிகளுக்கும், ஸ்டூடியோ வைத்திருக்கும் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். யாரையும் பேட்டிக்கு உட்கார வைத்து "நீங்கள் எப்போது உணர்ந்தீர்கள், வீட்டில் எப்போது சொன்னீர்கள்" என்று கேட்காதீர்கள். சொல்வதும் சொல்லாததும் அவரவர் பாடு. அதற்கான விலையைக் கொடுப்பவரும் அவரே. பாட வருகிறவருக்கு எந்தக் கட்டை என்று மட்டும் கேளுங்கள். ஆர்மோனியத்தை அந்தக் கட்டைக்கு மாற்றுங்கள். நோட்டீசில் பாடகர் வரிசையில் பெயர் போடுங்கள். மற்றப் பாடகர்களுக்கு எத்தனை வெள்ளி கொடுக்கிறீர்களோ அத்தனை வெள்ளியை அவருக்கும் கொடுங்கள்.