ஆணிப் பலகை

சங்கரன்கோவிலில் தறிச் சத்தம் கேட்கிற தெருவில், ஏதாவதொரு டூவீலர் பட்டறைக்குள் எட்டிப் பாருங்கள். சுவரில் பிளைவுட் பலகை. ஆணிகளில் 8-9, 10-11, 12-13 என்று ஸ்பேனர்கள் வரிசையாகத் தொங்கும். எனக்கு அதுவே ஒரு தரிசனம்தான், ஊர்க் கோயில் சங்கரநாராயணர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆணி அடிப்பதில் இருக்கிறது சூட்சுமம். நேராக அடித்தால் கை பட்டதுமே ஸ்பேனர் நழுவும். தலை சற்று மேல்நோக்கிச் சாய வேண்டும். சுத்தியலுக்கு ஒற்றை ஆணி ஆகாது. இரண்டு அடித்து நடுவே கைப்பிடியை இறக்கினால் தலை மேலே உட்காரும்.

கடையில் விற்கிற துளைப் பலகையில் ஓட்டைகள் பெரும்பாலும் ஓர் அங்குல இடைவெளியில் இருக்கும். கொக்கியை இடம் மாற்றலாம், வசதிதான். ஆனால் கட்டிங் பிளேயரை எடுத்தால் கொக்கியும் கையோடு வந்துவிடும்! கீழ்ப்பகுதியை கிளிப் போட்டு இறுக்கினால் நிற்கும். பலகைக்குப் பின்னால் ரீப்பர் கட்டை வைத்து இடைவெளி விடாவிட்டால் கொக்கி உள்ளேயே நுழையாது.

அமெரிக்கச் சமையல் வல்லுநர் ஜூலியா சைல்டின் அடுப்படியில் அவர் கணவர் பால், துளைப் பலகையில் பாத்திரங்களின் உருவத்தைக் கோடாகவே வரைந்து வைத்தார். அந்த அடுப்படி இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் பட்டறையில் யாரும் வரைவதில்லை. ஸ்பேனர் தொங்கிய இடம் வெளுத்து, சுற்றிலும் கிரீஸ் படிந்து கறுத்திருக்கும். இரவல் போனது 14-15தானா என்று பையனைக் கேட்கவே வேண்டியதில்லை.