‘மன அழுத்தம்’: ஒரு தொடர், இரு பொருள்

‘மெலன்கோலியா’ என வழங்கிய நோய்நிலை 20ஆம் நூற்றாண்டில் ‘டிப்ரெஷன்’ எனப் பெயர் பெற்றது. இச்சொல்லின் இலத்தீன் வேர் ‘கீழே அழுத்துதல்’ எனப் பொருள்படும். 1936இல் ஹான்ஸ் செலியே விவரித்த உடலின் எதிர்வினைக்குப் பின்னர் ‘ஸ்ட்ரெஸ்’ என்னும் பெயர் அமைந்தது. இன்றைய தமிழ் இவ்விரண்டையும் ‘மன அழுத்தம்’ என்றே வழங்குகிறது. இயற்பியல் தமிழோ ஸ்ட்ரெஸைத் ‘தகைவு’ என்றும் பிரஷரை ‘அழுத்தம்’ என்றும் பிரித்தாள்கிறது.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் ஆலைத் தொழிலாளர் ஒருவர் தமக்கு ‘மன அழுத்தம்’ என்றால், அவர் சுட்டுவது நோயையா, பணிச்சுமையையா என்பது சொல்லளவில் தெளிவதில்லை. நோயென்று மட்டும் கொண்டால் பணிச்சூழல் கேள்விக்குட்படாது. சுமையென்று மட்டும் கொண்டால் சிகிச்சை தவறும். ‘மனச்சோர்வு’ என்னும் மாற்றும் இரவுப்பணிக் களைப்போடு மயங்கக்கூடும். ஆதலின் டிப்ரெஷனை ‘மனச்சோர்வு நோய்’ என வரையறுத்து, ‘மன அழுத்தம்’ என்பதை ஸ்ட்ரெஸுக்கே உரியதாக்குவது தக்கது.