கடைசி இடத்தில் என் ஆயா

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் சித்தப்பா மகன் ஒரு படத்தைப் போட்டான். தமிழ்நாட்டு வரைபடம். எழுத்தறிவு கூடின மாவட்டங்களுக்குக் கரும்பச்சை, குறைந்தவற்றுக்குச் சிவப்பு. கன்னியாகுமரி முதலிடம், தர்மபுரி கடைசி. கீழே அவன் எழுதியிருந்தது: "நம்ம ஊரு என்னைக்கும் கடைசிதான் அண்ணா."

நான் தர்மபுரிக்காரன். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரமே இந்தக் கேலியைக் கேட்டுவிட்டேன். அதனால் இந்தப் படத்தை நடுநிலையோடு பார்க்கிறேன் என்று சொல்லமாட்டேன். ஆனால் எண்களோடு கொஞ்ச காலம் புழங்கியவன் என்பதால், கோபத்தை ஓரமாக வைத்துவிட்டு அது என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று பார்க்க உட்கார்ந்தேன்.

எண்கள் சரியானவைதான். 2011 கணக்கெடுப்பின்படி கன்னியாகுமரி 91.75 சதவீதம், தர்மபுரி 68.54. மாநிலச் சராசரி 80.09. 2021ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு தள்ளிப்போனதால், இன்றைக்குச் சுற்றுகிற படங்கள் பெரும்பாலும் 2011ஐத்தான் மறுபடி மறுபடி வண்ணம் பூசிக் காட்டுகின்றன. படத்தில் ஆண்டே போடாமல் அனுப்புகிறார்கள், அது தனிக்கதை.

முதலில், இந்தச் சதவீதம் எதை அளக்கிறது? ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில், ஏதாவது ஒரு மொழியில் புரிந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்பதை. பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டும் என்றில்லை. படிக்க மட்டும் தெரிந்து எழுதத் தெரியாவிட்டால் கணக்கில் சேராது. பரீட்சை எதுவும் கிடையாது. வீட்டுக்கு வருகிறவர் கேட்பார், வீட்டில் இருப்பவர் சொல்வார், அவ்வளவுதான்.

2011 பிப்ரவரியில் எங்கள் வீட்டுக்கு வந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். நான் விடுமுறையில் ஊரில் இருந்தேன். ஆயாவைப் பற்றிக் கேட்டதும், ஆயா வாய் திறப்பதற்குள் சித்தப்பா முந்திக்கொண்டார்: "அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார்." ஆயாவுக்குத் தெரியும். எழுத்துக்கூட்டிப் பத்திரிகைத் தலைப்பு படிப்பார், பஸ் போர்டு படிப்பார், மாத்திரை அட்டையில் தேதி தாண்டிவிட்டதா என்று பார்ப்பார். எழுத வராது, தன் பெயரைத் தவிர. ஆகவே விதிப்படி சித்தப்பா சொன்னதே சரி! எதிர் வீட்டுப் பெரியம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும், ஒரு வரி படிக்க வராது. அங்கே "தெரியும்னு போட்டுக்குங்க" என்று சொன்னது என் காதில் விழுந்தது. ஒரே தெருவில், ஒரே மத்தியானத்தில், படிக்கத் தெரிந்தவர் எழுத்தறிவில்லாதவர் ஆனார், படிக்கத் தெரியாதவர் எழுத்தறிவு பெற்றார்.

இதைச் சொன்னால் "அப்போ எல்லாமே பொய்யா?" என்று கேட்பார்கள். இல்லை. இப்படிப்பட்ட பிழைகள் எல்லா ஊரிலும் இருக்கும். ஒன்றிரண்டு சதவீத வித்தியாசத்தை வைத்து இது ஏழாவது, அது எட்டாவது என்று வரிசை போடுவது வீண் வேலை என்பதற்கு அவை காரணம் ஆகும். 23 சதவீத இடைவெளியை அவற்றால் கரைத்துவிட முடியாது. அந்த இடைவெளி நிஜம்.

எங்கே இருக்கிறது அந்த இடைவெளி என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஆண்களை மட்டும் எடுத்தால் கன்னியாகுமரி 93.65, தர்மபுரி 76.85. ஏறக்குறைய 17 புள்ளி வித்தியாசம். பெண்களை எடுத்தால் 89.90க்கு எதிரே 59.80. கிட்டத்தட்ட 30 புள்ளி! ஒற்றை நிறம் பூசிய படத்தில் இது தெரியாது. எங்கள் மாவட்டத்தைக் கடைசிக்கு இழுப்பது பெரும்பாலும் பெண்களின் எண்தான், அதிலும் வயதான பெண்களின் எண் என்று நினைக்கிறேன். எழுத்தறிவு என்பது ஏரித் தண்ணீர் மாதிரி, இந்த வருஷ மழையை மட்டும் காட்டாது. அறுபது வயதுக்காரர் அதில் இருக்கிறார், எட்டு வயதுக் குழந்தையும் இருக்கிறது. 1950களில் ஒரு சிறுமியைப் பள்ளிக்கு அனுப்பாதது 2011 அட்டவணையிலும் நிற்கிறது. ஆயா 2018ல் இறந்துபோனார். அடுத்த கணக்கில் தர்மபுரியின் சதவீதம் அவர் இல்லாததாலேயே ஒரு துளி ஏறும். யாரும் புதிதாக ஓர் எழுத்துக்கூடக் கற்றிருக்க வேண்டியதில்லை.

கன்னியாகுமரியின் எண்ணிலும் இப்படிப் பழைய கதைதான் இருக்கிறது. அது 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் வழி வந்த நாடு. ரிங்கல்தௌபே என்ற மிஷனரி 1806ல் மயிலாடியில் வந்து இறங்கினார். கோயிலுக்கும் பொதுத் தெருவுக்கும் வெளியே நிறுத்தப்பட்ட சாதியினருக்குப் பள்ளிக்கூடம் ஒரு கதவாக இருந்தது, அந்தக் கதவை அவர்கள் விடவில்லை. இந்தப் பக்கம் தர்மபுரி, 1965 வரை சேலம் மாவட்டத்தின் ஒரு வறண்ட மூலை. இந்த இரண்டையும் ஒரே ஏணியில் நிறுத்தி "அவங்க முன்னேறிட்டாங்க, நீங்க இன்னும் இல்லை" என்பது, நூறு மீட்டர் ஓட்டத்தில் ஒருவனை எழுபதாவது மீட்டரில் நிற்கவைத்துவிட்டு விசில் ஊதுவது போல.

வறட்சியும் வறுமையும்தான் காரணம் என்று முடித்துவிடவும் முடியவில்லை. தண்ணியில்லாக் காடு என்று பெயரெடுத்த ராமநாதபுரம் 80.72. ஜவுளியும் மஞ்சளும் கொழிக்கும் ஈரோடு 72.58. இதை முதலில் பார்த்தபோது தப்பாக அச்சாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

இதைவிட வேடிக்கை நாமக்கல். பிளஸ் டூவில் மாநில ரேங்க் என்றால் நாமக்கல் என்று ஒரு காலம் இருந்தது (2017ல் அரசு ரேங்க் வெளியிடுவதையே நிறுத்தியது). தமிழ்நாடு முழுக்கப் பெற்றோர் நிலத்தை அடமானம் வைத்துப் பிள்ளைகளை அங்கே விடுதியில் சேர்த்தார்கள். அதே நாமக்கல்லின் எழுத்தறிவு 74.63, மாநிலச் சராசரிக்கும் கீழே. விருதுநகர் பல ஆண்டுகள் தேர்ச்சி விகிதத்தில் முதலிடம், எழுத்தறிவில் 80.15, சராசரியை ஒட்டித்தான். தேர்ச்சி விகிதம் பரீட்சை எழுத வந்தவர்களை மட்டும் எண்ணுகிறது. ஒன்பதாவதிலேயே நின்று பனியன் கம்பெனிக்குப் போன பையன் அதில் தோற்கவும் இல்லை, ஜெயிக்கவும் இல்லை. அவன் கணக்கிலேயே இல்லை.

ஊர் படிக்க வைக்கிறதா, அல்லது படித்தவர்கள் அந்த ஊரில் வாழ்கிறார்களா? இவை இரண்டு கேள்விகள். ஒரே அட்டவணையை இரண்டுக்கும் பதிலாகக் காட்டுவதுதான் என் பெரிய புகார். கணக்கெடுப்பு ஆட்களை அவர்கள் வசிக்கும் இடத்தில் எண்ணுகிறது. 2011ல் நான் சென்னையில் வேலையில் இருந்தேன். ஆக, தர்மபுரி அரசுப் பள்ளியில் படித்த என்னைச் சென்னையின் 90.18க்குள் எண்ணினார்கள். ஆயாவைத் தர்மபுரியில் எண்ணினார்கள். பெங்களூருக்கும் ஓசூருக்கும் போன என் வகுப்புத் தோழர்களும் அப்படியே. ஓசூர் என்றதும் இன்னொன்று: 2004 வரை அது தர்மபுரி மாவட்டத்தில் இருந்தது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதும் தொழிற்சாலைகளும் அங்கே குடியேறிய படித்தவர்களும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். கோட்டை மாற்றிப் போட்டால் சராசரி மாறும்.

மாநில அளவிலும் இதே குழப்பம்தான். உயர்கல்விச் சேர்க்கையில் 2021-22ல் தமிழ்நாடு 47, கேரளம் 41.3, நாட்டுச் சராசரி 28.4. உடனே நம் ஆட்கள் "கேரளாவை முந்திட்டோம்" என்று போஸ்டர் அடிக்கிறார்கள். அந்த விகிதம் மாநிலத்துக் கல்லூரிகளில் சேர்ந்திருப்பவர்களை அந்த மாநிலத்தின் 18-23 வயது மக்கள்தொகையால் வகுத்து வருவது. கோவையிலும் மங்களூரிலும் படிக்கிற மலையாளப் பிள்ளை வகுக்கும் எண்ணில் கேரளத்தில் இருப்பாள், வகுபடும் எண்ணில் இருக்கமாட்டாள். நம் முன்னிலை வெறும் மாயை என்று நான் சொல்லவில்லை. ஊருக்கு ஊர் அரசுக் கல்லூரி திறந்ததன் பலன் அதில் இருக்கிறது. ஆனால் 47ஐயும் 41.3ஐயும் பக்கத்தில் வைத்துக் கை தட்டுவதற்கு முன் இதையும் யோசிக்க வேண்டும் இல்லையா?

இவ்வளவும் எழுதிச் சித்தப்பா மகனுக்கு அனுப்பினேன். அவன் பொறுமையாகப் படித்துவிட்டு, "எல்லாம் சரி அண்ணா, ஆனா கடைசி கடைசிதானே" என்றான்.

அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. இவ்வளவு நேரம் நான் ஊருக்காக வக்காலத்து வாங்கிக்கொண்டிருந்தேனோ என்று எனக்கே சந்தேகம். 2011ல் எங்கள் மாவட்டத்தில் ஏழு வயதுக்கு மேற்பட்ட பெண்களில் பத்தில் நான்கு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியவில்லை. வரையறையைக் குறை சொல்லி, கோட்டைக் குறை சொல்லி, ஓடிப்போனவர்களைக் காட்டி இந்த எண்ணை நான் அழித்துவிட முடியாது. ஆயாவின் தம்பிகள் இரண்டு பேரும் எட்டாவது வரை படித்தவர்கள், அதே வீடு, அதே வறுமை.

அவனிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: அடுத்த கணக்கு வந்ததும் மாவட்டத்தை மொத்தமாகப் போடாதே, 15லிருந்து 24 வயதுப் பெண்களை மட்டும் தனியாக எடுத்துப் போடு, கன்னியாகுமரிக்கும் நமக்கும் இடைவெளி எவ்வளவு என்று பார்க்கலாம். "அந்த டேபிள் எங்க கிடைக்கும்?" என்று கேட்டிருக்கிறான். 2011க்கே வயதுவாரி அட்டவணை இருக்கிறது. இந்த வாரம் அதை இறக்கிக்கொண்டு இருவரும் உட்காருவதாகத் திட்டம்.